பொறி போகும் வழியும் திரும்பும் வழியும்

மோட்டார் வாகன எஞ்சினில் பற்றவைப்புச் சுருள் எனப்படுவது, பேட்டரியின் 12 வோல்ட் மின்னழுத்தத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி, ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு இடையே பொறி பாயச் செய்யும் சிறு மின்மாற்றியாகும். பட்டறைப் பேச்சில் அதற்கு இக்னிஷன் காயில் என்றோ வெறுமனே காயில் என்றோ பெயர். தொழிற்சாலை பொருத்திய இடத்திலிருந்து இச்சுருளைக் கழற்றி வேறோர் இடத்தில் அமர்த்தும் வேலை, அமெரிக்காவில் வேகக் கார்களைக் கட்டும் பட்டறைகளில் அன்றாடம் வந்து நிற்கும் வேலைகளுள் ஒன்று. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1997ஆம் ஆண்டு செவ்ரலே கார்வெட் காரில் அறிமுகப்படுத்திய எல்.எஸ்.1 என்னும் 5.7 லிட்டர் வி8 எஞ்சினும் அதன் வழிவந்த எஞ்சின்களும் இந்த வேலைக்குப் பெரிதும் காரணமாயின. எடை குறைந்து ஆற்றல் மிகுந்த இவ்வெஞ்சின்கள் விபத்தில் நசுங்கிய கார்களிலிருந்து ஏராளமாகக் கழன்று வந்ததால், 1960களையும் 1970களையும் சேர்ந்த பழைய கார்களில் அவற்றைப் பொருத்துவது அந்நாட்டில் ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

எல்.எஸ்.1 எஞ்சினில் எட்டுச் சிலிண்டர்களுக்கும் எட்டுச் சுருள்கள் உண்டு. பக்கத்துக்கு நான்காக, வால்வுகளை மூடியிருக்கும் டேப்பெட் கவரின் மேலேயே அவை உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சுருளிலிருந்தும் ஒரு சாண் அளவேயான பிளக் வயர் கீழிறங்கிப் பிளக்கைத் தொடும். இந்த அமைப்பின் அருமை, அதற்கு முந்தைய அமைப்போடு ஒப்பிட்டால்தான் விளங்கும். 1910களின் தொடக்கத்தில் காடிலாக் கார்களுக்காகச் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய பற்றவைப்பு முறையும், அதிலிருந்து கிளைத்துப் பல பத்தாண்டுகள் உலகெங்கும் ஓடிய முறையும் ஒரே ஒரு சுருளை நம்பியிருந்தன. அந்தச் சுருளின் மின்சாரத்தை எந்தப் பிளக்குக்கு அனுப்புவது என்பதை டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் சுழலும் பங்கீட்டுக் கருவி முடிவு செய்தது. நான்கு அடிப்பு எஞ்சினில் ஒரு சுற்றுவட்டம் முடிய கிராங்க் தண்டு இருமுறை சுழல வேண்டும். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் அதற்கு 20 மில்லி விநாடி ஆகும். அதற்குள் எட்டுப் பொறி வேண்டுமானால் இரு பொறிகளுக்கு இடைவெளி 2.5 மில்லி விநாடிதான். ஒற்றைச் சுருளாக இருந்தால் அந்த 2.5 மில்லி விநாடிக்குள் அது மின்னோட்டத்தை நிரப்பிக்கொண்டு, பொறியாகவும் வெளியேற்றியாக வேண்டும். சுருளில் மின்னோட்டம் ஏறும் கால அளவை ட்வெல் என்பார்கள். வேகம் கூடக்கூட ட்வெல் குறைந்து, பொறி மெலிந்துபோவது ஒற்றைச் சுருளின் பிறவிக் குறை. சிலிண்டருக்கு ஒரு சுருள் என்று வைத்ததும் ஒவ்வொரு சுருளுக்கும் ஏறத்தாழ 20 மில்லி விநாடி முழுதாகக் கிடைத்தது. பிளக் வயரும் குட்டையானது. எல்.எஸ். எஞ்சினின் பற்றவைப்பு ஏன் அவ்வளவு நம்பகமானது என்று கேட்பவருக்கு இவ்விரண்டையும் விடையாகச் சொல்லலாம். சுருளை இடம் மாற்றுபவர் கைவைப்பது இவற்றுள் இரண்டாவதில்.

அப்படியிருக்க அதை ஏன் மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு, வண்டி உரிமையாளர்கள் சொல்லும் காரணம் ஒன்றாகவும் உண்மைக் காரணம் வேறாகவும் இருப்பது வழக்கம். பாதிப் பேருக்கு அழகே காரணம். 1969ஆம் ஆண்டுக் காரின் பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பெட்டிகள் எட்டும் அவற்றின் வயர்களும் டேப்பெட் கவரை மறைத்துக்கொண்டு நிற்பதை அவர்கள் கண் ஏற்பதில்லை. இதில் வெட்கப்பட எதுவுமில்லை; கார்வெட் காரிலேயே அந்தச் சுருள்களின் மேல் பிளாஸ்டிக் மூடியைப் போட்டுத்தான் தொழிற்சாலையும் விற்றது. மறுபாதிக்குத் தக்க காரணங்கள் உண்டு. டர்போ பொருத்திய எஞ்சினில் புகை மேனிஃபோல்டு முன்னோக்கியும் மேல்நோக்கியும் வளைந்து வரும்போது சுருளுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நெருப்பாய்க் கனலும் குழாய் அமைந்துவிடும். சில பழைய கார்களில் பிரேக் பூஸ்டர் என்னும் பெரிய உருளை இடப்பக்க டேப்பெட் கவரை உரசிக்கொண்டு நிற்பதால் கடைசிச் சுருளுக்கு இடமே இராது. பந்தய எஞ்சினில் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க டேப்பெட் கவரை அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால், ஒவ்வொரு முறையும் நான்கு சுருள்களையும் அவிழ்ப்பது மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிக்கும். இவை எல்லாம் இடமாற்றத்துக்கு நியாயமான காரணங்கள்தாம். ஆனால் காரணம் எதுவாயினும், செய்த பின் எஞ்சினின் பற்றவைப்பு முன்பிருந்ததைவிடச் சற்றே மோசமாகத்தான் இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை. அந்த மோசத்தை அளவறிந்து குறைப்பதே இக்கலையின் முழுச் சாரம்.

சுருள் போய் அமரும் இடங்கள் பல. எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் என்னும் தடுப்புச் சுவர், முன்சக்கரத்துக்கு மேலுள்ள உட்புறத் தகடு, சிலிண்டர் ஹெட்டின் முன்முகம் அல்லது பின்முகம் ஆகியவை பரவலானவை. பார்வைக்குச் சுத்தமாக இருப்பது ஃபயர்வால். பற்றவைப்புக்கு நல்லது ஹெட்டின் முன்முகமும் பின்முகமும். இவ்விரு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள பிணக்கைப் புரிந்துகொள்ள, சுருளை நகர்த்தும்போது உண்மையில் எந்த வயர் நீள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

சுருளுக்கு இரு பக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் தாழ்ந்த மின்னழுத்த வயர்கள் நான்கு வருகின்றன: 12 வோல்ட் மின்னூட்டம் ஒன்று, எர்த் ஒன்று, பொறி விடும் தருணத்தைக் கணினி சொல்லும் குறிப்பு வயர் ஒன்று, அந்தக் குறிப்பை அளப்பதற்கான தனி எர்த் ஒன்று. எல்.எஸ். சுருளுக்குள்ளேயே மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு விசை இருப்பதால், கணினியிலிருந்து வரும் வயரில் ஓடுவது மெல்லிய குறிப்பு மட்டுமே. சுமை முழுவதும் மின்னூட்ட வயரிலும் எர்த் வயரிலும் ஓடுகிறது. மறுபக்கத்தில் உயர் மின்னழுத்த வயர், அதாவது பிளக் வயர், ஒன்றே ஒன்று. சுருளை ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் இவ்விரு பக்கங்களுள் ஏதோ ஒன்று நீண்டே ஆக வேண்டும். பெரும்பாலும் இரண்டுமே நீளும். முடிந்த அளவு தாழ்மின்னழுத்தப் பக்கத்தையே நீட்டிப் பிளக் வயரைக் குட்டையாக வைத்துக்கொள்வதே சரி என்பது கட்டுரையாளரின் துணிந்த முடிவு. இதற்குப் பின்னால் ஒரு சிறு கணக்கு உண்டு.

பிளக் வயர் என்பது நடுவில் கடத்தி, அதைச் சுற்றித் தடித்த சிலிக்கோன் உறை. அது உலோகத்துக்கு அருகே செல்லும்போது கடத்தியும் உலோகமும் இரு தகடுகளாகவும் உறை நடுப்பொருளாகவும் அமைந்து ஒரு மின்தேக்கியாகிவிடுகிறது. நீட்டிய வயர் 50 பிக்கோஃபாரட் கொள்ளளவைச் சேர்த்தால், அதை 25,000 வோல்ட்டுக்கு ஏற்ற ஏறத்தாழ 16 மில்லிஜூல் ஆற்றல் செலவாகும். சுருளில் சேமிக்கப்படுவதே சில பத்து மில்லிஜூல்தான் என்பதை நினைத்தால், பிளக்கில் பொறி தாவுவதற்கு முன்பே வயரை நிரப்புவதற்கு எவ்வளவு போகிறது என்பது தெரியும். அந்த ஆற்றல் முற்றிலும் வீணாவதில்லை. பொறி தாவிய கணத்தில் அது ஒரு கூர்மையான வெடிப்பாக வெளியேறுகிறது. ஆனால் மின்னழுத்தம் ஏறும் விரைவு குறைகிறது. பிளக்கில் சிறிது கரி படிந்திருந்தால், மெதுவாக ஏறும் மின்னழுத்தம் பொறியாகத் தாவுவதற்கு முன் அந்தக் கரியின் வழியே கசிந்துவிடுகிறது. பழைய, அழுக்கேறிய பிளக்கில் நீண்ட வயர் முதலில் தோற்பதற்கு இதுவே காரணம்.

தாழ்மின்னழுத்தப் பக்கத்தை நீட்டுவதிலும் விலை உண்டு. ஆனால் அந்த விலையைத் தடித்த வயர் வாங்கிச் செலுத்திவிடலாம். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை ஒன்றரை மீட்டர் நீட்டினால், போகவும் வரவுமாக மூன்று மீட்டர் சேர்கிறது. சுருள் உச்சத்தில் 8 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால் அதில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பு. மேலும், நான்கு மில்லி விநாடி ட்வெல் உள்ள எஞ்சினில் 6,000 சுழற்சியில் 2.5 மில்லி விநாடிக்கு ஒரு பொறி என்றால், எந்தக் கணத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட சுருள்கள் ஒரே சமயத்தில் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு மிகுதி. பொது வயராக இருந்தால் இழப்பு இரட்டிக்கும். எஞ்சின் கணினி பேட்டரி மின்னழுத்தத்தைப் பார்த்துத்தான் ட்வெல் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் அது பார்ப்பது தன் காலடியிலுள்ள மின்னழுத்தத்தை, சுருளின் வாசலில் உள்ளதை அன்று. ஆகையால் கணினி 14 வோல்ட் என்று எண்ணிக் கொடுக்கும் நேரத்தில் சுருள் 13 வோல்ட்டில் அரைவயிற்றோடு நிற்கும். இந்தப் பிழையைக் கணினியின் எந்தப் பிழைக் குறியீடும் காட்டிக் கொடுக்காது. இரண்டு சதுர மில்லிமீட்டர் வயரைப் போட்டால் இழப்பு 0.2 வோல்ட் அளவுக்குக் குறைந்துவிடும். சில டாலர் செலவில் தீரும் வேலை.

இனி எர்த். இத்தொழிலில் நடக்கும் பிழைகளைத் தராசில் வைத்தால் ஒரு தட்டில் எர்த்தும் மறுதட்டில் மற்றவை அனைத்தும் நிற்கும். பொறி என்பது சுருளிலிருந்து புறப்பட்டுப் பிளக்கில் முடியும் அம்பு என்ற எண்ணமே இதற்கு மூலம். எந்த மின்னோட்டமும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். பிளக்கின் நடுமுனையிலிருந்து தாவிய மின்சாரம் பிளக்கின் உடம்புக்கு வருகிறது. பிளக்கின் மரை வழியே சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்குகிறது. அங்கிருந்து ஏதோ ஒரு வழியில் சுருளின் வயர்களை அடைந்து சுருளுக்குள் நுழைகிறது. தொழிற்சாலை அமைப்பில் சுருள் எஞ்சினின் தோளிலேயே அமர்ந்திருப்பதாலும், சுருள்களின் எர்த் எஞ்சின் உடம்பிலேயே முறுக்கப்பட்டிருப்பதாலும், இந்தத் திரும்பும் வழி இரண்டு மூன்று சாணுக்குள் முடிந்துவிடுகிறது. யாரும் அதைப்பற்றி நினைக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. சுருளை ஃபயர்வாலுக்கு மாற்றி, எர்த் வயரையும் அங்கேயே உடம்புத் தகட்டில் முறுக்கிவிட்டால், பொறி போகும் வழி கண்ணுக்குத் தெரியும் அழகான பிளக் வயராகவும், திரும்பும் வழி யாரும் வகுக்காத காட்டுப் பாதையாகவும் ஆகிவிடுகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் அமர்ந்திருக்கும் பொருள். மின்சாரத்தைப் பொறுத்தவரை அது காரின் உடம்பிலிருந்து துண்டிக்கப்பட்ட தீவு. எர்த் பட்டை எனப்படும் பின்னிய செம்புப் பட்டை ஒன்றே அதற்குப் பாலம்.

இதைக் கட்டுரையாளர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் டெக்சஸ் மாநிலத்தின் ஒரு சிறு பட்டறையில் தாமே கட்டிய 1969ஆம் ஆண்டு கமாரோ கார் ஒன்றில்தான் கற்றுக்கொண்டார். எல்.எஸ்.1 எஞ்சின் பொருத்தி, எட்டுச் சுருள்களையும் ஃபயர்வாலில் ஓர் அலுமினியத் தகட்டின் மேல் வரிசையாக அமைத்து, அவற்றின் எர்த்தை அதே தகட்டில் இணைத்திருந்தார். பேட்டரியின் எதிர்முனை எஞ்சின் பிளாக்குக்கு நேரே சென்றது. எஞ்சின் அறைக்குப் பெயின்ட் அடிப்பதற்காகக் கழற்றிய எர்த் பட்டை ஓர் அட்டைப் பெட்டிக்குள் போனது, திரும்ப வரவில்லை. எஞ்சின் முதல் சாவியிலேயே கிளம்பியது. ஐட்லிங் பட்டுப்போல் இருந்தது. 3,500 சுழற்சியைத் தாண்டியதும் மிஸ்ஸிங் அடித்தது. சுமை ஏற்றினால் இன்னும் மோசம். கணினி பி0300 என்ற குறியீட்டைக் காட்டியது. எந்தச் சிலிண்டர் என்று குறிப்பிடாமல் ஆங்காங்கே பொறி தவறுகிறது என்பதே அதன் பொருள். பிளக்குகள் மாற்றப்பட்டன, பிளக் வயர்கள் மாற்றப்பட்டன, இரண்டு சுருள்கள் மாற்றப்பட்டன, எரிபொருள் அழுத்தம் அளக்கப்பட்டது. மிஸ்ஸிங் அசையவில்லை.

வழி காட்டியது வெப்பமானியின் முள். வேகம் ஏறும்போதெல்லாம் அது சற்றே நடுங்கியது. எஞ்சின் வெப்பம் அப்படி நொடிக்கு நொடி மாறாது. ஆகவே முள் காட்டியது வெப்பத்தை அன்று, எர்த் நடுக்கத்தை. மல்ட்டிமீட்டரில் தொடர்ச்சி பார்க்கும் ஒலியை வைத்து எஞ்சினுக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே தொட்டபோது அது தடையின்றி ஒலித்தது. இரண்டு நாள் வீணானது இந்த ஒலியை நம்பியதால்தான். மெல்லிய நூல் போன்ற இணைப்பு இருந்தாலே அது ஒலிக்கும். பாரம் தாங்குமா என்பதை அது சொல்லாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைச் சிலிண்டர் ஹெட்டிலும் மறுமுனையைச் சுருள் தகட்டிலும் வைத்து வேகத்தை ஏற்றியபோது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இரண்டும் எர்த் என்று பெயர் பெற்ற இடங்கள். அவற்றுக்கு இடையே மின்னழுத்தமே இருக்கக் கூடாது. எஞ்சினுக்கும் உடம்புக்கும் இணைப்பாக எஞ்சியிருந்தவை சில சென்சார் வயர்களும் ஆக்சிலேட்டர் கேபிளும் மட்டுமே. கேபிளைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளுறை ஓரிடத்தில் கருகி, எஃகு இழைகள் பழுப்பேறியிருந்தன. எட்டுச் சுருள்களின் மின்சாரமும் அந்த இழைகளின் வழியே வீடு திரும்பிக்கொண்டிருந்தது.

சுருள் தகட்டிலிருந்து இரு சிலிண்டர் ஹெட்டுகளின் பின்புறத்துக்கும் 10 சதுர மில்லிமீட்டர் எர்த் வயர் ஒவ்வொன்று, எஞ்சினுக்கும் உடம்புக்கும் இடையே ஒரு பின்னிய பட்டை, ஒவ்வொரு இணைப்பிடத்திலும் பெயின்டைச் சுரண்டி உலோகம் பளிச்சிடும்படி செய்து நட்சத்திர வாஷர் வைத்து முறுக்கியது. வேலை ஒரு மணி நேரம். மிஸ்ஸிங் நின்றது. வெப்பமானி முள் நின்ற இடத்தில் நின்றது. அதன்பின் அந்தப் பட்டறையில் எந்தச் சுருள் இடம் மாறினாலும் எர்த் வயர்தான் முதலில் வெட்டப்பட்டது. குறிப்பு வயருக்கான தனி எர்த்தை மட்டும் இந்தத் தடித்த எர்த்தோடு சுருளின் அருகில் சேர்த்துக் கட்டக் கூடாது. அதைத் தொழிற்சாலை வகுத்த இடம்வரை தனியாகவே கொண்டுசெல்ல வேண்டும். இல்லையேல் பெரிய மின்னோட்டத்தின் அலை, சிறிய குறிப்பின் மேல் ஏறிக்கொள்ளும்.

பிளக் வயர்கள் நீளும்போது திரும்பி வரும் இன்னொரு பழைய நோய் குறுக்குப் பொறி. ஒரு வயரில் மின்னழுத்தம் திடீரென ஏறும்போது, அதற்கு இணையாக ஒட்டிச் செல்லும் அடுத்த வயரிலும் சில ஆயிரம் வோல்ட் தூண்டப்படும். எந்த வயருக்கு அருகில் எந்த வயர் செல்லலாம் என்பதைத் தீர்மானிப்பது பொறி வரிசை, அதாவது சிலிண்டர்கள் எரியும் முறை. எல்.எஸ். எஞ்சினில் அது 1-8-7-2-6-5-4-3. இடப்பக்கத்தில் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. வலப்பக்கத்தில் 2, 4, 6, 8. வரிசையில் 3 கடைசி. அதை அடுத்து மீண்டும் 1. ஆக, அடுத்தடுத்து நிற்கும் ஒன்றாம் சிலிண்டரும் மூன்றாம் சிலிண்டரும் அடுத்தடுத்து எரிகின்றன. 3க்குப் பொறி விழும்போது 1 தன் பொறிக்கு 90 பாகை முன்னே, கலவையை உள்வாங்கி அழுத்தத் தொடங்கிய நிலையில் இருக்கும். அழுத்தம் குறைவாக உள்ள இடத்தில் பொறி தாவக் குறைந்த மின்னழுத்தமே போதும். தூண்டப்பட்ட சில ஆயிரம் வோல்ட் அங்கே தாவிவிட்டால், மேலேறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலைமேல் கலவை எரியும். பழைய செவ்ரலே வி8 எஞ்சின்களில் இந்தச் சோடி 5ஆம் 7ஆம் சிலிண்டர்களாக இருந்தது. அந்நாளைய மெக்கானிக்குகள் அவ்விரு வயர்களை ஒட்டவிடமாட்டார்கள். எல்.எஸ். எஞ்சினில் சாண் நீள வயர் அந்த அச்சத்தையே போக்கிவிட்டதால், அடுத்த தலைமுறை அதை மறந்துபோனது.

டர்போ வைத்த ஓர் எஞ்சினில், முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் அமர்த்திய சுருள்களிலிருந்து வரும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள வயர்கள் நான்கையும் கறுப்பு நைலான் உறைக்குள் செருகி, ஒற்றைக் கயிறுபோல் அழகாகக் கட்டிக் கொடுத்த பட்டறை வேலையைப் பின்னர் பிரித்துப் பார்க்க நேர்ந்தது. முதல் பிஸ்டனில் இரு ரிங்குகளுக்கு இடைப்பட்ட வரப்பு உடைந்து கிடந்தது. டர்போ எஞ்சினில் ஒரு வரப்பு உடைய வேறு காரணங்களும் உண்டு என்பதால் வயர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இயலாது. ஆயினும், அந்தக் கட்டை அவிழ்த்து, வயர்களுக்கு இடையே இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஒயர் சீப்பு எனப்படும் பிளாஸ்டிக் பிரிப்பான்களில் 1, 5, 3, 7 என்று மாற்றி வரிசைப்படுத்தி, குறுக்கிட வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் குறுக்கிடவைத்த பிறகு, அதே எஞ்சின் மறு பிஸ்டனோடு சத்தமின்றி ஓடியது. சுருள் தகட்டில் சுருள்களை 1-3-5-7 என்று வைப்பதா 1-5-3-7 என்று வைப்பதா என்பதையும் இதே கண்ணோடுதான் முடிவு செய்ய வேண்டும்.

ஃபயர்வால் பக்கம் செல்லும் வயர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. எல்.எஸ்.1 எஞ்சினில் கேம் தண்டின் நிலையைச் சொல்லும் சென்சார் பிளாக்கின் பின்முனையில் மேலே இருக்கிறது. எஞ்சின் தட்டலைக் கேட்கும் நாக் சென்சார்கள் இரண்டும் உறிஞ்சு மேனிஃபோல்டுக்கு அடியில் உள்ள பள்ளத்தாக்கில் கிடக்கின்றன. பின்வந்த எஞ்சின்களில் கேம் சென்சாரை முன்புறத்துக்கும் நாக் சென்சார்களைப் பிளாக்கின் பக்கவாட்டுக்கும் தொழிற்சாலை மாற்றிவிட்டது. ஆனால் 1997 முதல் வந்த முதல் தலைமுறையில் அவை பின்னாலும் அடியிலும்தான். பல்லாயிரம் வோல்ட் பாயும் வயரை அவற்றின் வயரோடு ஒரே டையில் கட்டினால், நாக் சென்சார் இல்லாத தட்டலைக் கேட்கும். கணினி பொறி நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும். எஞ்சின் காரணமின்றிச் சோம்பும். பிளக் வயரின் தடையும் இங்கே கணக்குக்கு வரும். தடை மிகக் குறைந்த வயர் அதிக ஆற்றல் தரும் என்று விளம்பரங்கள் பேசும். கணினி ஓட்டும் எஞ்சினில், சுருட்டிய கம்பிக் கடத்தி உள்ள, இரைச்சலை அடக்கும் வயரே பொருத்தம். நடுவில் வெறும் செம்பு உள்ள வயருக்கு இங்கே இடமில்லை.

கைவேலையில் நேரம் போகுமிடம் பிளக் கேப். சுருள் இடம் மாறினால் வயர் பிளக்கை அணுகும் கோணம் மாறும். அதற்கேற்ப நேரான கேப், 45 பாகை கேப், 90 பாகை கேப் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான கோணத்தில் வயரை வளைத்து மாட்டினால் அது மெல்ல நிமிர்ந்துகொண்டே இருந்து, ஒருநாள் புகைக்குழாயின் மேல் சாய்ந்துவிடும். சிலிக்கோன் உறை 200 பாகை செல்சியஸ் அளவில் தாக்குப்பிடிக்கும். சுமையில் ஓடும் புகைக்குழாய் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சூட்டில் இருக்கும். ஆகவே குழாயருகே செல்லும் கேப்பின் மேல் கண்ணாடி இழை உறை தேவைப்படும். வயரை அளவுக்கு வெட்டி முனையைக் கிரிம்ப் செய்வதற்கென்றே உள்ள கருவியைப் பயன்படுத்தாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கியது, பார்க்க நன்றாக இருக்கும், வெப்பத்தில் தளரும். கேப்பின் உள்ளே சிறிது சிலிக்கோன் கிரீஸ் தடவினால் அது பிளக்கோடு ஒட்டிக்கொள்ளாமலும் ஈரம் நுழையாமலும் இருக்கும்; கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் கேப்பைத் திருகி எடுக்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் வண்டி உரிமையாளர் வயரைத்தான் இழுப்பார்.

சுருள் அமரும் தகடு கனமாக இருப்பது நல்லது. சுருளுக்குள் எப்பாக்ஸிப் பிசின் வார்க்கப்பட்டிருக்கிறது. நடுக்கமும் சூடும் சேர்ந்தால் அதில் மயிரிழைப் பிளவு விழுந்து உள்ளுக்குள்ளேயே பொறி தாவத் தொடங்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு சூட்டையும் இழுத்துக்கொள்ளும், நடுங்கவும் செய்யாது. மெல்லிய தகட்டை வளைத்துச் செய்த தாங்கி எஞ்சினின் ஏதோ ஒரு வேகத்தில் தாளம் போடும். டர்போவின் வெந்நிழலில் தகட்டை வைத்துவிட்டு, ஓடும்போது காற்று வருகிறதே என்று ஆறுதல் கொள்வதும் பிழை. வண்டி நின்ற பின் கால் மணி நேரம் எஞ்சின் அறை மேலும் சூடேறும், அப்போது காற்றே இராது.

எட்டுச் சுருள்களின் இணைப்புகளும் ஒரே அச்சில் வார்த்தவை. எதை எதில் மாட்டினாலும் மாட்டும். தொழிற்சாலையில் வயரின் நீளமே ஒவ்வோர் இணைப்பும் எங்கே சேர வேண்டும் என்பதைச் சொல்லிவிடும். நீட்டிய பின் அந்தச் சாட்சி போய்விடுகிறது. வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வயரிலும் எண் கட்டாதவர், கடைசியில் எஞ்சின் காற்று வடிகட்டி வழியே வெடிக்கும்போது எண் கட்டுவார்.

வேலை முடிந்ததும் செய்யும் சோதனைகளுள் விலையற்றதும் சிறந்ததும் இருட்டுச் சோதனை. இரவில் விளக்குகளை அணைத்து, எஞ்சினை ஓடவிட்டு, தெளிப்பானால் வயர்களின் மேல் நீர்த்துகளைத் தூவினால், உறை பலவீனமான இடத்தில் நீல மின்னல் நூலிழைபோல் ஓடும். டர்போ எஞ்சினில் இதோடு நிற்கக் கூடாது. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறினால் பொறி தாவ வேண்டிய மின்னழுத்தமும் ஏறும். ஐட்லிங்கில் நன்றாயிருக்கும் வயர் முழு அழுத்தத்தில் கசியலாம். அதனால்தான் டர்போ எஞ்சினில் பிளக் இடைவெளியை 0.6 முதல் 0.8 மில்லிமீட்டராகக் குறைப்பது வழக்கம். அந்த நிலையிலும் பொறி தவறினால் பிளக்கைப் பழிப்பதற்கு முன் மீட்டரின் ஒரு முனையைச் சிலிண்டர் ஹெட்டில் வைத்து மறுமுனையைச் சுருளின் எர்த்தில் வைத்துப் பார்க்க வேண்டும், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

சந்தையில் விற்கும் சுருள் இடமாற்றப் பெட்டிகளுள் தகடு இருக்கும், போல்ட்டும் வாஷரும் இருக்கும், சிலவற்றில் பிளக் வயரும் இருக்கும். எர்த் வயர் பெரும்பாலும் இராது. அதைத் தனியே வாங்கி வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரிக்கவும்.